பார்க்காமல் விட்ட இடது பக்கம்

என் டிரைவருக்கு,

இதை உங்கள் டியூட்டிப் பையில் வைக்கிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

போன மாதம் ஊர் சுற்றப் போனோமே, ஸ்டேஷனிலிருந்து லாட்ஜுக்கு வந்த பஸ்ஸில் நீங்கள் செய்த அமர்க்களம் நினைவிருக்கிறதா? முப்பது வருஷமாகப் பஸ் ஓட்டும் மனுஷருக்கு, சும்மா உட்காரத் தெரியவில்லை. "பிரேக்கப் போடுய்யா!" என்று காலால் தரையை மிதித்துக்கொண்டே வந்தீர்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டி எனக்கு மானமே போயிற்று.

அதனால்தான் மறுநாள் முட்டி வலி என்று படுத்துக்கொண்டேன். ஊரைச் சுற்றிக் காட்டும் மாடி பஸ்ஸில் உங்களைத் தனியாக அனுப்பிவிட்டு, காபிக் கடையில் கண்ணாடி ஓரமாக உட்கார்ந்து கேக் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அப்போது உங்கள் பஸ் எதிரே சிக்னலில் வந்து நின்றது. மேல்மாடியில் நீங்கள். பக்கத்து ஓரத்து சீட்டில் யாரும் உட்காராதபடி உங்கள் தொப்பி. நான் மெனு அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் தைலத்தோடு வந்தீர்கள். "வலது பக்கம் மட்டும்தான் பாத்தேன். இடது பக்கத்த உன்கூட பாக்கலாம்னு விட்டுவெச்சிருக்கேன்" என்றீர்கள். "எந்த முட்டி?" என்று கேட்டபோது எனக்கே மறந்துபோய், ஏதோ ஒரு காலை நீட்டினேன்.

அடுத்த லீவுக்கும் அதே ஊர்தான் என்று நேற்று சொன்னீர்கள். வருகிறேன். நானும் சேர்ந்து பிரேக்கை மிதிக்கிறேன்.

முட்டி இப்போது வலிக்கவில்லை. அன்றைக்கும் வலிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓரத்து சீட்டுக்காரி