உன் பெயரைக் கேட்டு வந்தாள்

அன்பு மகளே,

இங்கே நான் நலம். முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். குறையாகச் சொல்லவில்லை.

கீழ்வீட்டு இலாரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வாசலில் ரோஸ் ரிப்பன் கட்டியிருக்கிறார்கள். நேற்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள்.

"மாமா, இவளுக்கு நீவெஸ்னு வைக்கலாமா? ஊர்லயே உங்க பொண்ணுக்கு மட்டும்தான் அந்தப் பேரு. உங்கள ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு வந்தேன்."

"பனின்னு அர்த்தம்மா அதுக்கு. ரோம்ல ஒரு ஆகஸ்ட் மாச வெயில்ல பனி பெஞ்சுதாம். மாதா செஞ்ச புதுமைன்னு சொல்வாங்க. அதுல வந்த பேரு. பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்க. என் பொண்ணு அழுதுட்டே வருவா."

"இப்ப வீட்டுக்கு ஒரு சோஃபியா இருக்கா மாமா. கூப்பிட்டா நாலு பேரு திரும்புறாங்க. இந்தப் பேருக்கு இவ ஒருத்திதான் திரும்புவா."

உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வாயெடுத்தேன். உன் அம்மாவை அடக்கம் செய்த அன்று இலாரியாவும் வந்திருந்தாள். நீ வராததை அவளும் பார்த்தாள். அதனால் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். குழந்தை தெருவில் விளையாடும் வயதுக்கு வந்ததும், சாயங்காலம் உன் அம்மா கூப்பிட்ட மாதிரி ஜன்னலைத் திறந்து தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட வேண்டும்.

"எதுக்கு மாமா ஊரக் கூட்டணும்?" என்று சிரித்தாள்.

அப்போது நீயும் இங்கே இருந்தால், இரண்டு பேர் திரும்புவீர்கள்.

உன்
அப்பா