மூடியில் நீ எழுதாமல் விட்டது

ஈயம் பற்றவைக்கும் புகை நேற்று மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. திண்டிவனம் சாலையில் டிவி, மிக்சி பழுது பார்க்கும் கடை. ஓய்வு பெற்றபின் மறுபடி கிதார் வாசிக்கலாமென்று, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டிலுக்கடியில் கிடந்த ஆம்ப்ளிஃபயரையும் கிதாரையும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். கடைக்காரர் பின்மூடியைக் கழற்றினார். உட்புறம் பென்சிலில் உன் கையெழுத்து.

எந்தப் பெட்டியைப் பழுது பார்க்கத் திறந்தாலும், செய்ததை மூடியில் எழுதிவைப்பது உன் வழக்கம். "நாளைக்கு எவன் தொறந்தாலும் நம்மளத் திட்டக் கூடாதுடா," என்பாய்.

ராஜகிரி மலை அடிவாரத்துத் தகரக் கொட்டகையில் நம் இசைக்குழு ஒத்திகை பார்க்கும். என் கிதாரில் மேல்ஸ்தாயி ஒலி காதைக் குத்தியது. "இன்னாடா, தட்டுல ஆணியால கீர்ற மாதிரி இருக்குது," என்று சிரித்தவன் நீதான். ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் குமிழில் இருக்கும் ஒரு சின்னக் கெப்பாசிட்டரை எடுத்துவிட்டால் குத்தல் அடங்கும் என்று விளக்கி, பெட்டியை வாங்கிப்போனாய்.

கச்சேரி நாளன்றுதான் திருப்பிக் கொடுத்தாய். மேல்மலையனூர் அமாவாசை மேடை. முதல் கிதார் உனக்கா எனக்கா என்று குழுத்தலைவர் அன்று முடிவு செய்வதாக இருந்தது. என் வாசிப்பு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. இறங்கியதும், "பெட்டிய இன்னா பண்ண?" என்று கேட்டேன்.

"பெட்டி நல்லாதான் இருக்குது மச்சான். உன் வெரல்லதான் அழுத்தம் இல்ல. நீ பேசாம பேப்பருக்கு எழுதப் போ."

தோளில் கைபோட்டுக்கொண்டே சொன்னாய். நம்பினேன். இடம் உனக்குப் போனது, நான் நிருபரானேன். போன ஆண்டு நீ இறந்தபோது, இரங்கல் குறிப்பில் 'உள்ளதை முகத்துக்கு நேரே சொல்பவர்' என்று உன்னைப் பற்றி எழுதியவனும் நானே.

மூடியில் ஒரு வரிதான் இருந்தது: 'வால்யூம் கெப்பாசிட்டர் எடுத்தாச்சு.' கடைக்காரர் வேறோர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க புதுசா ஒரு கெப்பாசிட்டர் சேத்துருக்காரு சார். சிக்னல்ல இருந்து கிரவுண்டுக்கு. இவ்ளோ பெருசு போட்டா மேல் சத்தத்தயெல்லாம் முழுங்கிடும்."

"தெரியாமப் போட்டிருக்கலாமே?"

"தெரியாதவரா? பத்தவெச்ச நேர்த்தியப் பாருங்க. ஒயருக்கு அடியில மறச்சி வேற வெச்சிருக்காரு."

எதிர்த்தரப்பைக் கேட்காமல் யார்மீதும் ஒரு குற்றச்சாட்டு எழுதியதில்லை நான். இதுதான் முதல் முறை. நீ என்னைவிட நன்றாக வாசித்து அந்த இடத்தைப் பிடித்திருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். என் விரல்களையே நான் சந்தேகப்படும்படி செய்துவிட்டாய்.

கடைக்காரர் அதை வெட்டி எடுத்தார். வாசித்தேன். ஒலி தெளிவாக வந்தது. "கை மறக்கல சார்," என்றார்.

இன்று காலை வீட்டில் மறுபடி வாசித்தேன். சுரங்கள் எல்லாம் ஒரு மயிரிழை ஏறியே ஒலித்தன. கம்பிகளைத் தளர்த்தி, திரும்பச் சுருதி சேர்த்துப் பார்த்தேன், அப்போதும் அப்படியே. பிறகுதான் விரல் நுனிகளைக் கவனித்தேன். கம்பி அழுந்தி ஆழமாகக் கோடு பதிந்திருந்தது. அழுத்தம் கூடினால் சுரமும் ஏறும். தேவைக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கிறேன்.