சுல்தான் வாசலின் இடது பாதி

செப். 9, செவ்வாய்

கடலோரப் புழுக்கம். எட்டு மணிக்கே சட்டை நனைந்துவிட்டது. வேலை: சுல்தான் வாசல் வரைபடம், பிரின்ட் நான்கு.

ஓமான் வந்து மூன்று மாதம். நாங்கள் பழுதுபார்க்கும் இது எழுநூறு வருடப் பள்ளிவாசல் என்கிறார்கள். அரண்மனையிலிருந்து சுல்தான் நேராக உள்ளே வர மேற்குச் சுவரில் தனி வாசல். உள்ளே அவருக்கு மட்டும் மரத்தடுப்பு. அதைச் செருகிய குழிகள் தூண்களில் இன்னும் இருக்கின்றன. தோளோடு தோள் நிற்கச் சொல்லும் தொழுகை. அதிலும் வி.ஐ.பி. கேட். வாசலுக்கு மேல் சுண்ணாம்பில் அவர் பெயர். கல் வைத்தவன் பெயர் எங்கும் இல்லை.

நாங்கள் மத்தியான லுஹர் தொழுவது வெளியே, கன்டெய்னர் நிழலில், அட்டை விரித்து. தொழ உள்ளே போனால் செக்யூரிட்டி விரட்டுகிறான்.

செப். 10, புதன்

வாசல் வளைவில் விரிசல். கல்லைக் கழற்றித் திரும்பக் கட்டும்வரை தாங்க ஒரு மரச்சட்டம். என் வரைபடத்தை வைத்து முருகேசன் அண்ணன் அறுத்தது. அறந்தாங்கிக்காரர். சைட்டில் உருப்படியான ஒரே கார்ப்பென்டர்.

தூக்கி வைத்தார்கள். வலது பக்கம் கச்சிதம். இடது பக்கம் இடித்தது.

இன்ஜினியர் சென்னைக்காரர். "சுத்தியலால தட்டி ஏத்துய்யா."

"தட்டுனா கல்லு எறங்கும் சார். கீழ நிக்கிறது நாங்க."

"அப்ப நீ தப்பா அறுத்திருக்க. கண்ணு தெரியலன்னா ஊருக்குப் போ."

ஊருக்குப் போ என்றால் சனிக்கிழமை பஸ்ஸில் மெயின் கேம்ப். அங்கிருந்து டிக்கெட். எல்லோருக்கும் தெரியும்.

நான் வாயைத் திறக்கவில்லை.

செப். 11, வியாழன்

எழுதிவிடுகிறேன். இடது பாதியை நான் அளக்கவே இல்லை. வலது பாதியை அளந்து கம்ப்யூட்டரில் மிரர் கொடுத்து இடதாக்கினேன். ஒரு கிளிக். வெயில், பாதியில் ஏணியை எடுத்துப் போய்விட்டார்கள், சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார்கள். காரணமெல்லாம் உண்மை. அளக்காததும் உண்மை.

மத்தியானம் ஏணியை இரவல் வாங்கி ஏறிப் பார்த்தேன். வலது பக்கம் செதுக்கிய பவளக்கல், கத்தி நுழையாத இடுக்கு. இடது பக்கம் சில்லுக்கல், விரல் தடிமன் சுண்ணாம்பு, வளைவு நாலு விரல் தாழ்வு. ஒரு பாதி எப்போதோ இடிந்திருக்கிறது. ராஜ்யம் போனபின் ஊர்க்காரர்கள் கைக்குக் கிடைத்ததை வைத்துக் கட்டியிருக்க வேண்டும். அரண்மனை ஆள் இருந்தால் இப்படி விட்டிருப்பானா?

அந்தப் பாதியைத்தான் அழித்திருக்கிறேன். சுல்தானுடையதை இரண்டு தடவை வரைந்து.

விசா முடிய பத்தொன்பது நாள். நீட்டிக்க இன்ஜினியர் கையெழுத்து வேண்டும்.

செப். 12, வெள்ளி

லீவு. துணி துவைத்தேன். ஜும்ஆ. சோப்பு தீர்ந்தது.

ரூமில் முருகேசன் அண்ணன் பெட்டி கட்டுகிறார். "நாலு தடவ ஒன் டிராயிங்க வச்சுப் பாத்தேன் பாய். எம் மரம் ஒரு நூல் தப்பல. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"நான் ஒரு பாதிதான் அளந்தேண்ணே."

மடித்துக்கொண்டிருந்த கைலி கையிலேயே நின்றது.

"இத முந்தாநேத்து சொல்ல ஒனக்கு வாயி இல்லையா?"

கைலியைப் பெட்டிக்குள் திணித்து மூடினார். சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை.

செப். 13, சனி

காலை ஆறரை. பஸ் ஏழுக்கு. இன்ஜினியரிடம் புது வரைபடத்தை நீட்டினேன். திருத்தக் காரணம் என்ற கட்டத்தில்: வரைந்தவர் இடது பக்கத்தை அளக்கவில்லை. என் கையெழுத்து.

"கட்டடம் அசைஞ்சிருச்சுன்னு போட வேண்டியதுதானய்யா? ஒனக்கும் நல்லது."

"அசையல சார். அப்படியேதான் கட்டியிருக்காங்க."

"ஒன் விசா பேப்பர் எங்க இருக்கு தெரியுமா?"

"உங்க டேபிள்ல சார்."

மரச்சட்டம் நாளைக்குள் ஏற வேண்டும். அறுக்க வேறு ஆள் இல்லை, அரபியில் மாஃபி. கார்ப்பென்டரை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. விசா பற்றி மேலே ஒரு வார்த்தை இல்லை.

பஸ் கிளம்பிவிட்டது. கேட்டில் மறித்து நிறுத்தினேன். முருகேசன் அண்ணன் இறங்கிப் பெட்டியை மண்ணில் வைத்தார். வரைபடத்தைக் கொடுத்தேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"ஏணிய எடு பாய். வலது பக்கமாச்சும் நீ அளந்ததா, இல்ல அதுவும் கம்ப்யூட்டரா?"