மாமாவின் மஞ்சள் ஹெல்மெட்

30 ஜூன் 2014, திங்கள்

மாமனார் இன்று மைன்ஸில் ரிட்டயர் ஆனார். கடைசி ஷிஃப்ட் முடிந்து மஞ்சள் ஹெல்மெட்டோடு கேட்டுக்கு வந்தவரை ஒரே ஒரு படம் எடுத்தேன். நான் எடுத்ததுமே அவர் ஹெல்மெட்டை ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டார்.

சாயங்காலம் முழுக்க, கழுவாத ஃபிலிம் மாதிரியான அந்தப் படத்தின் ரா ஃபைலை இரண்டு சாஃப்ட்வேரில் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கேமராவோடு வந்தது மஞ்சளை அப்படியே தருகிறது, ஆனால் உயிரை வாங்குகிறது. இன்னொன்று சட்டென்று முடிக்கிறது. ஆனால் சனியன், ஹெல்மெட்டை ஆரஞ்சாக்கிவிடுகிறது. படத்தைப் பெரிதாக்கி, மீசையில் ஒட்டிய கரித்தூளைக்கூட ஒப்பிட்டாயிற்று.

எது தேவலை என்று மனைவி ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

“ரெண்டுலயும் அப்பா கண்ண மூடிகினு இருக்காருங்களே!”

மூன்று மணி நேரம் நான் எதைத்தான் பார்த்தேன்?

“பிரிண்ட் எப்ப மாப்ள கிடைக்கும்?” என்று மாமா இப்போதுதான் போனில் கேட்டார்.

சாஃப்ட்வேர் சரியில்லை மாமா என்றேன்.