மூலை கத்தரித்த சீட்டுகள்

ப்ர்னோ, 14 அக்டோபர் 1973

அன்பு நண்பன் ஓட்டகருக்கு,

நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் கேட்கிறேன். ஆஸ்பத்திரி கொதிகலனுக்குக் கரி அள்ளி அள்ளி உன் முதுகுவலி கூடிவிட்டதாக நம் அகராதி அலுவலக யர்மிலா சொன்னாள். இதைத் தபாலில் போடவில்லை. உன்னைப் பார்க்க வரும் அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். தபாலைப் பிரித்துப் படிப்பவர்கள் இப்போது அதிகம்.

நம் அகராதியில் 'மியூசியம்' என்ற சொல்லுக்கான கட்டுரை அச்சுக்குப் போகிறது. எல்லாம் நீ ஏழு வருடம் சேர்த்த சொற்குறிப்புச் சீட்டுகள். ஒவ்வொன்றின் மூலையிலும் இருந்த உன் முதலெழுத்தைக் கத்தரித்தது நான்தான். அறுபத்தெட்டில் ரஷ்ய டாங்கிகள் நம் நாட்டுக்குள் வந்தது சரி என்ற காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டேன், நீ போடவில்லை. உன்னை வேலையிலிருந்து துரத்திய அன்றே நம் நிறுவனத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "அவன் பேரு எங்கயும் இருக்கக் கூடாது, ஆனா சீட்டு வீணாப் போகக் கூடாது" என்றார். கத்தரிக்கோலை எடுத்தேன். இப்போது கட்டுரையின் கீழே என் பெயர் இருக்கிறது.

அது போதாதென்று, வியாழக்கிழமை கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசவும் செய்தேன். கலைத்தேவியரின் இருப்பிடத்துக்குக் கிரேக்கர் வைத்த பெயர், லத்தீனுக்குப் போய் 'உம்' என்று முடிந்தது. நம் செக்கில் வேற்றுமை உருபு சேரும்போது அந்த 'உம்' உதிர்ந்து, 'முஸேஉம்' 'முஸேஆ' ஆகிவிடுகிறது. எல்லாம் உன் வரிகள். பாவி, உன் கிண்டலைக்கூட விடவில்லை: "லத்தீன்காரனா இருந்தாலும் ஷூவை வாசல்லயே கழட்டிட்டுத்தான் நம்ம வீட்டுக்குள்ள வரணும்." அரங்கமே சிரித்தது. கைதட்டல் வேறு.

கடைசி வரிசையில் யர்மிலா இருந்தது எனக்குத் தெரியாது. வெளியே வந்ததும் கை குலுக்கினாள். "நல்லாத்தான் பேசினீங்க ஹினெக். அவர் சொன்னா 'கழட்டிட்டு'ன்னு கொஞ்சம் இழுப்பாரு. அது மட்டும் விட்டுப்போச்சு" என்றாள். நாலு பேர் முன்னால் திட்டியிருக்கலாம். அப்படியே கூனிக் குறுகிப் போய்விட்டேன்.

நேற்று அச்சு மெய்ப்பில் உன் பெயரை எழுதப் பேனாவைத் திறந்தேன். என் பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்பது நினைவுக்கு வந்தது. மூடிவிட்டேன். நான் கோழை, ஓட்டகர். மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

ஒன்று மட்டும் செய். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடாதே. 'மியூசியம்' கட்டுரையில் ஒரு வரிகூட என்னுடையது அல்ல. முழுவதும் ஓட்டகர் ஸ்வோசில் எழுதியது. காலம் மாறினால் இதைக் காட்டி உன் உழைப்பை மீட்டுக்கொள். மாறாவிட்டாலும், என்மேல் ஆத்திரம் தாங்காத நாளில் யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. உனக்கு அந்த உரிமை உண்டு என்பதற்காகத்தான் கீழே முழுப் பெயரையும் எழுதியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹினெக் மலாட்