பிறவிக் கோணல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் அப்பாவும் நலமா? உன் மூட்டுவலி குறைந்திருக்கிறதா?

ஆலையில் துணி மடிக்கும் கூடத்தில் வழுக்கி விழுந்துவிட்டேன். பயப்படாதே, வெறும் சுளுக்குதான். ஆனால் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா, "சின்ன வயசுல இந்த வலது கை உடைஞ்சுதா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர், பிறவிக் கோணல்" என்றேன்.

"இல்லம்மா. முன்கையில ரெண்டு எலும்பு இருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு புரண்டாத்தான் உள்ளங்கை திரும்பும். உனக்கு ரெண்டும் உடைஞ்சு, கட்டுப் போடாம விட்டதால கோணலாவே ஒட்டிக்கிச்சு, அதான் உன் உள்ளங்கை திரும்பல."

சிரித்துச் சமாளித்துவிட்டு வந்தேன்.

பிறக்கும் பிள்ளைக்கும் இந்தக் கை வந்துவிடும் என்று பயந்துதானே, பிடித்த வரனையே வேண்டாம் என்றேன்? அன்று என் தலையைத் தடவி, "எல்லாம் தலையெழுத்துடி" என்றாயே அம்மா.

வலிக்குத் தைலம் இருந்தால் யாரிடமாவது கொடுத்தனுப்பு. இங்கே தேய்த்துவிட ஆளில்லை, இடக்கையால் நானே தேய்த்துக்கொள்வேன்.

யார் உடைத்தது என்று கேட்க மாட்டேன். நம் வீட்டில் கை ஓங்குகிறவர் ஒருவர்தான். அவருக்குப் பயந்து ஊரிடம் மறைத்தாய், சரி. என்னிடம் ஏன் மறைத்தாய்? அதை மட்டும் எழுது.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உன் மகள்