லாபம் எங்கிருந்து வருகிறது?

கொடுமுடி
12.6.2025

அன்புள்ள ஆமினா டீச்சருக்கு,

மயிலாத்தாள் எழுதிக்கொண்டது. இங்கே எல்லாம் சௌக்கியம். போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் காது கேட்பதில்லை. நான் கத்தினால் பக்கத்துத் தெருவுக்கே என் வரவு செலவு தெரிந்துபோகும். அதனால்தான் கடிதம்.

நீங்கள் ஓய்வு பெற்று நான்கு வருஷம் கழித்து நானும் போன மாதம் பள்ளிக்கூடத்தை விட்டு வந்துவிட்டேன். பணம் கைக்கு வருவதற்குள் யோசனை வந்து குவிகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் தங்கம் வாங்கச் சொல்கிறார்கள், சாயங்காலம் விற்கச் சொல்கிறார்கள். வங்கியில் டெபாசிட் என்று கேட்டால் இன்சூரன்ஸ் தாளை நீட்டுகிறார்கள். யூடியூப்பில் ஒரு தம்பி அழகாகப் பேசுகிறான், பாதி இங்கிலீஷ்.

இதற்கிடையில் என் அண்ணன் மகன் நிதீஷ் வந்தான். சரவணம்பட்டியில் ஏதோ நிதிக் கம்பெனியில் இருக்கிறான். "அத்தை, எங்க கம்பெனியில போடுங்க. லட்சத்துக்கு மாசம் மூவாயிரம் வந்துருமுங்க" என்கிறான். கல்யாணம் காட்சி பார்க்காத எனக்கு, என் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள அவன் ஒருத்தன்தான். அவனிடம் எப்படி மாட்டேன் என்பது? வட்டியே தொடாத உங்களிடம் போய் இதைக் கேட்கிறேன், என் புத்தியைப் பாருங்கள்!

அன்புடன்,
மயிலாத்தாள்

கோட்டைமேடு, கோவை
19.6.2025

அன்பு மயிலாத்தாள் டீச்சருக்கு, ஸலாம்.

கடைசி வரியில் நன்றாகக் குத்தினீர்கள். வட்டி வாங்காதவளுக்குப் பணம் தெரியாது என்று யார் சொன்னது? நீங்களெல்லாம் எத்தனை சதவீதம் என்று கேட்டதோடு எழுந்து வந்துவிடுவீர்கள். எனக்கு அது ஆகாது. பணம் எந்தத் தொழிலுக்குப் போகிறது, லாபம் எங்கிருந்து வருகிறது, நஷ்டம் யார் தலையில் விழும் என்று கேட்டால்தான் அது ஹலாலா இல்லையா என்றே தெரியும். அப்படிக் கேட்டுத்தான் ரசாக் அண்ணனின் பாத்திரக் கடையில் பங்கு போட்டேன். ஒரு வருஷம் வியாபாரம் படுத்தது, எனக்கும் பைசா வரவில்லை. ஆனால் ஏன் வரவில்லை என்று தெரியும்.

நிதீஷிடமும் அதையே கேளுங்கள். மாப்பிள்ளை பார்க்கப் போனால் மூன்று தலைமுறையை விசாரிக்கிற ஊர் உங்கள் ஊர். பணத்துக்கு மட்டும் என்ன கூச்சம்?

தபால் ஆபீசில் மூத்த குடிமக்களுக்கென்று ஒரு சேமிப்புத் திட்டம் இருப்பதாக என் மருமகள் ஹிபா சொல்கிறாள். நேரில் போய்க் கேளுங்கள். நான் எழுதினேன் என்று நம்பிவிடாதீர்கள்.

துஆவுடன்,
ஆமினா பீவி

கொடுமுடி
30.6.2025

அன்புள்ள டீச்சர்,

கேட்டுவிட்டேன். காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "ஏங்கண்ணு, இந்த மூவாயிரம் எந்தத் தொழில்ல இருந்து வருது?" என்றேன்.

"அதெல்லாம் மேல இருக்கறவங்களுக்குத் தெரியுமுங்க அத்தை."

"நட்டமானா?"

"ஆகாதுங்க."

"நட்டமே ஆகாத தொழில் நம்மூர்ல ஒண்ணு சொல்லு பாக்கலாம்."

அவன் முகம் சிறுத்துவிட்டது. "என்னைய நம்பலீங்களா?" என்று எழுந்தவன் பாதிக் காபியோடு போய்விட்டான்.

தபால் ஆபீசுக்கும் போனேன். கவுண்டரில் இருந்த பிந்து என்கிற பெண், நடுவில் எடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதுவரை பொறுமையாகச் சொன்னாள். போன வாரம் ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் அங்கேயே போட்டுவிட்டேன். பணம் பத்திரம். ஆனால் நிதீஷ் என் போனை எடுப்பதில்லை. தெரிந்தே என்னை ஏமாற்ற வந்தானா என்ற நினைப்புத்தான் மனசை அறுக்கிறது. உங்கள்மேலும் கொஞ்சம் கோபம்தான், சொல்லிவிட்டேன்.

மயிலாத்தாள்

கோட்டைமேடு, கோவை
7.7.2025

அன்பு டீச்சர்,

தாராளமாகக் கோபப்படுங்கள். இத்தனை வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூமில் உங்கள் கோபத்தையும் சேர்த்துத்தான் சாப்பிட்டேன். ஏமாற்ற வந்தவனாக இருந்தால் உங்களுக்கு நல்ல பதிலாகத் தயார் செய்துகொண்டு வந்திருப்பான். பொறுத்துப் பாருங்கள்.

ஆமினா பீவி

கொடுமுடி
21.8.2025

என் அன்பான ஆமினா டீச்சருக்கு,

இந்த மாதம் முதல் வாரத்தில் நிதீஷ் வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். "அத்தை, நீங்க கேட்டதை நானும் ஆபீசுல கேட்டனுங்க. உனக்கெதுக்கு அதுன்னு சொல்லிப்போட்டாங்க. அம்மா நகைய வித்த பணமும் அங்கதானுங்க கெடக்குது. எடுக்கோணும். எங்கூட வர்றீங்களா?" என்றான்.

போனேன். இன்று வா, நாளை வா என்று அலையவிட்டார்கள். கடைசியில் ஒருநாள் வரவேற்பறையிலேயே உட்கார்ந்துகொண்டேன். பணம் போட வந்தவர்களிடமெல்லாம், "ஏனுங்க, லாபம் எங்கிருந்து வருதுன்னு உங்களுக்குச் சொன்னாங்களா?" என்று மரியாதையாகக் கேட்டேன். மத்தியானத்துக்குள் அண்ணியின் செக்கைக் கொடுத்து வழியனுப்பிவிட்டார்கள். அது பாஸும் ஆகிவிட்டது. அவன் அந்த வேலையை விட்டுவிட்டு வேறு தேடுகிறான்.

டீச்சர், என் பணம் தப்பியது பெரிதில்லை. பெற்ற தாயின் பணத்தையே அவன் அங்கே போட்டிருக்கிறான் என்றால், என்னை ஏமாற்ற வரவில்லை. நல்லது என்று நம்பித்தான் கூப்பிட்டிருக்கிறான். அன்றைக்கே அது புரிந்ததும், வாசலில் நின்றவனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். பிரியாணிக்கு அரிசி கொஞ்சம் கூடவே போடுங்கள். பிள்ளை ரொம்ப இளைத்துப்போயிருக்கிறான்.

உங்கள்,
மயிலாத்தாள்